சேர் ஜோனும் மலைநாட்டு மக்களும்

அட்டனிலிருந்து நோர்ட்டன் பிரிட்ஜுக்குச் செல்லும் வளைந்த பாதையில் பயணஞ் செய்வோர், தேயிலைச் செடிகளின் மேலாகச் சரிவிலிருந்து சரிவுக்குத் தாவிச் செல்லும் தடித்த மின்கம்பிகளைக் காணத் தவறுவதில்லை. கெகெல்கமு ஓயாவை நோர்ட்டனில் மறித்து, அந்நீரை லக்ஷபானவுக்கு இறக்கி, 1950ஆம் ஆண்டில் இலங்கை தன் முதலாவது பெரிய நீர்மின் நிலையத்தை இயக்கியது. இத்திட்டத்தைக் கனவு கண்டவர் பொறியியலாளர் விமலசுரேந்திர. 1918இலேயே அவர் இதைப் பற்றி விரிவான ஆய்வுரையொன்றை எழுதியிருந்தார். குடியேற்ற ஆட்சியின் அலுவலகங்களில் ஆண்டாண்டாகத் தூசி படிந்து கிடந்த அந்தக் கனவு நிறைவேறும் வரை உடனிருந்து உந்தித் தள்ளிய அமைச்சர், கேணல் சேர் ஜோன் கொத்தலாவல. மலைநாட்டு நீரிற் பிறந்த ஒளி கொழும்பு மாநகரின் வீதிகளுக்குச் சென்றது. கம்பிகள் கடந்து சென்ற தோட்டங்களின் லயங்களிலோ, அதன் பின்னரும் பல்லாண்டுகள் குப்பி விளக்கே எரிந்தது.

இந்த ஒரு காட்சியில் சேர் ஜோனுக்கும் மலைநாட்டு மக்களுக்கும் இருந்த தொடர்பு முழுவதும் அடங்கிவிடாது. அத்தொடர்பின் பெரும்பகுதி மின்சாரத்தைப் பற்றியதன்று, காகிதத்தைப் பற்றியது. அதனை விளங்கிக் கொள்வதற்கு அவருடைய அரசியல் வாழ்வைச் சிறிது பின்னோக்கிப் பார்த்தல் வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி ஆண்டுகளில், செல்வமும் செல்வாக்கும் மிக்க குடும்பமொன்றில் அவர் பிறந்தார். எனினும் இளமை இன்பமாக அமையவில்லை. பள்ளிச் சிறுவனாக இருந்தபோதே, பெருங் குடும்ப வழக்கொன்றிற் சிக்கித் தந்தையார் சிறையில் உயிர் நீத்தார். மைந்தரை வளர்த்து, காரீயச் சுரங்கங்களையும் தோட்டங்களையும் கட்டிக் காத்தவர் தாயார் அலிஸ் கொத்தலாவல. தாயாரின் சகோதரி ஒருவர் எஃப். ஆர். சேனநாயக்கவின் துணைவியார். ஆதலால் பின்னாளில் நாட்டின் முதற் பிரதமரான டி. எஸ். சேனநாயக்கவின் குடும்பத்தோடு ஜோனுக்கு நெருங்கிய உறவு உண்டாயிற்று. ஐக்கிய தேசியக் கட்சியை மாமன் மருமகன் கட்சி என்று எதிரணியினர் ஏளனஞ் செய்தமைக்கு இந்த உறவுமுறைகளே காரணம்.

கொழும்பு ரோயல் கல்லூரியிலும் கேம்பிரிட்ஜிலும் கற்றுத் திரும்பிய இளைஞர், இலங்கை இலகு காலாட்படையிற் சேர்ந்து கேணல் பதவி வரை உயர்ந்தார். 1931இல் குருநாகல் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். 1936இல் போக்குவரத்து, மராமத்து ஆகியவற்றுக்குப் பொறுப்பான அமைச்சராயினார். புகையிரதம், வீதி, மின்சாரம் யாவும் அவர் கையில் இருந்தன. செயல்வீரர் என்ற பெயர் அக்காலத்திலேயே அவருக்கு நிலைத்தது. எதையும் சுற்றி வளைத்துப் பேசும் வழக்கம் அவரிடம் இருந்ததில்லை. நண்பரை நண்பரென்றும் பகைவரைப் பகைவரென்றும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். அரசியலில் இக்குணம் சில வேளைகளிற் பலமாகவும், பல வேளைகளிற் கேடாகவும் முடியும்.

அவர் அமைச்சராயிருந்த அந்த ஆண்டுகளில்தான் இலங்கையிலே இந்தியத் தொழிலாளரைப் பற்றிய பிணக்கு முதன்முறை முற்றியது. அரசாங்கத் திணைக்களங்களில் நாட்கூலிக்கு வேலை செய்த இந்தியரைக் குறைத்து, அவ்விடங்களை இலங்கையருக்கு அளிப்பதென்று 1939இல் அமைச்சர் சபை முடிவு செய்தது. உலகெங்கும் வேலையில்லாத் திண்டாட்டம் நிலவிய காலம் அது. இம்முடிவுக்கு நாட்டில் ஆதரவும் இருந்தது. இப்பிரச்சினையைத் தீர்க்கவே ஜவகர்லால் நேரு அவ்வாண்டு ஜூலை மாதம் கொழும்புக்கு வந்தார். அவருடைய பேச்சுவார்த்தை பயன்தரவில்லை. ஆயினும் அவர் வருகையால் ஒரு பலன் விளைந்தது. பிரிந்து கிடந்த இந்தியர் சங்கங்கள் ஒன்றுசேர்ந்து, 1939 ஜூலை 25ஆம் நாள் இலங்கை இந்தியன் காங்கிரஸ் தோன்றியது. அடுத்த ஆண்டு அதன் தொழிற்சங்கம் தோட்டங்களுக்குள் நுழைந்தது. பெரிய கங்காணியின் சொல்லுக்கு மறுசொல் இல்லாதிருந்த பிரட்டுக்களத்தில், சங்கத்தின் தலைவர் என்று ஒருவர் துரைக்கு எதிரே நின்று பேசத் தொடங்கினார். கொத்தலாவலவும் அவருடைய சகாக்களும் எண்ணாத விளைவு இது.

1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. நுவரெலியாவில் சௌமியமூர்த்தி தொண்டமான், தலவாக்கலையில் சி. வி. வேலுப்பிள்ளை, கொட்டகலையில் குமாரவேலு, நாவலப்பிட்டியில் இராஜலிங்கம் என மலைநாட்டின் பிரதிநிதிகள் பாராளுமன்றம் சென்றனர். கொழுந்து கிள்ளிய கை வாக்குச் சீட்டில் புள்ளடியிட்டது. அந்தப் புள்ளடிகளின் கணக்கை ஆளுங் கட்சி கூர்ந்து கவனித்தது. தோட்டப் பகுதியில் வாக்குகள் இடதுசாரிகளுக்கும் பலஞ் சேர்க்கும் என்பதும் அதற்குத் தெளிவாகத் தெரிந்தது.

அடுத்த ஆண்டு 1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இன் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டம் அதைத் தொடர்ந்தது. தேர்தற் சட்டத் திருத்தம் அவ்வாண்டிலேயே மூன்றாவதாக வந்து, பிரஜைகள் அல்லாதோரை வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கியது. இம்மூன்று சட்டங்களையும் ஆக்கியவர் சேர் ஜோன் அல்லர், டி. எஸ். சேனநாயக்கவின் அரசாங்கம். அவ்வரசாங்கத்தில் சேர் ஜோன் மூத்த அமைச்சருள் ஒருவர் என்பதும், தயக்கமின்றி அதனோடு நின்றவர் என்பதும் வரலாறு. தமிழர் தலைவர்களும் இதில் ஒரே அணியில் நிற்கவில்லை. அமைச்சரவையிற் சேர்ந்த ஜி. ஜி. பொன்னம்பலத்தோடு முரண்பட்டுப் பிரிந்து, 1949 டிசம்பரில் செல்வநாயகம் தமிழரசுக் கட்சியைத் தொடங்கியதற்கு இச்சட்டங்கள் ஒரு பெருங் காரணம்.

இங்கே, பாதுகாப்பு அமைச்சு என்பதன் பொருளைச் சற்று நின்று நோக்குதல் நன்று. சோல்பரி அரசியல் யாப்பின்படி பாதுகாப்பும் வெளிவிவகாரமும் ஒரே அமைச்சு. பிரதமரே அதன் அமைச்சராக இருத்தல் வேண்டும். சிறிய தரைப்படை, 1950இல் உருவான கடற்படை, 1951இல் உருவான விமானப்படை ஆகியவற்றோடு, குடிவரவும் பிரஜாவுரிமையும் அதன் பொறுப்பில் அடங்கின. ஆகவே கொழும்பிலே பாதுகாப்பு அமைச்சர் என்றாற் பீரங்கி வண்டியும் அணிவகுப்பும் நினைவுக்கு வரும். டிக்கோயாவிலோ மஸ்கெலியாவிலோ வாழ்ந்த தொழிலாளிக்கு அவர் வேறொருவர். தாத்தா பிறந்த ஊர் எது, தகப்பன் எந்த ஆண்டு கப்பலேறினான், செக்ரோலிற் பெயர் இடையில் விடுபட்டது ஏன் என்று கேட்டு வரும் கடிதங்களின் உச்சியில் இருப்பவர் அவர். நீரிணையைக் கடந்து இரகசியமாக வருவோரைத் தடுக்கக் கடற்படையோடு தரைப்படையும் 1952 முதல் வடகரையில் நிறுத்தப்பட்டது. அந்த நடவடிக்கையின் காலத்திலேதான் கள்ளத்தோணி என்ற சொல் நாடெங்கும் பரவியது. மூன்று தலைமுறையாக ஒரே லயத்தில் வாழ்ந்தவனின் முகத்திலும் அச்சொல் எறியப்பட்டது.

1949ஆம் ஆண்டுச் சட்டம் என்ன கேட்டது? 1946 ஜனவரி முதலாந் தேதிக்கு முன், மணமானவராயின் 7 ஆண்டும் மணமாகாதவராயின் 10 ஆண்டும் இடைவிடாது இந்நாட்டில் வாழ்ந்திருத்தல் வேண்டும் என்றது. ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் இருந்திருத்தலாகாது. மனைவியும் மக்களும் இங்கேயே வதிதல் வேண்டும். போதிய வருவாய் வேண்டும். காகிதத்திற் படிக்கும்போது கடுமையாகத் தோன்றாத விதிகள்தாம். ஆனால் பிறப்புப் பதிவு ஒழுங்காக நடைபெறாத தோட்டத்திலே, எழுத்தறியாத தாய் தன் மகன் பிறந்த நாளை எதைக் கொண்டு நிறுவுவாள்? தாயின் கருமாதிக்கு ஊருக்குப் போய் அம்மையிலோ மழையிலோ அகப்பட்டுப் பதினான்கு மாதங் கழித்துத் திரும்பியவன், தன் வாழ்நாள் உழைப்பை எந்தச் சான்றால் மீட்பான்? ஊரிலுள்ள உறவினருக்குப் பணம் அனுப்பியதையே, இந்நாட்டில் நிலையான பற்றில்லாமைக்கு அடையாளமாக அதிகாரிகள் கொண்டனர் என்ற முறைப்பாடும் எழுந்தது.

முதலிற் காங்கிரஸ் இச்சட்டத்தின்கீழ் விண்ணப்பிப்பதையே பகிஷ்கரித்தது. பின்னர் மனம் மாறி, கால எல்லையான 1951 ஆகஸ்ட் 5ஆந் தேதிக்குள் அவசர அவசரமாக விண்ணப்பங்களை அனுப்ப உதவியது. சுமார் 2,37,000 விண்ணப்பங்கள், அவற்றில் அடங்கியோர் ஏறத்தாழ 8 இலட்சம் பேர். பகிஷ்கரித்த அந்த மாதங்கள் வீணாயின என்று சொல்லாமல் இருக்க முடியாது. பரிசீலிக்கப்படுமுன் 1952 தேர்தல் வந்துவிட்டது. வாக்கற்றவர்கள் பிரதமர் அலுவலகத்தின் முன்னே சத்தியாக்கிரகம் இருந்தனர், மாதக்கணக்காக இருந்தனர். மலைநாட்டுத் தொகுதிகளிலிருந்து காங்கிரஸ் உறுப்பினர் எவரும் அம்முறை பாராளுமன்றம் செல்லவில்லை. சட்டம் செல்லுமா என்ற வழக்கு இலண்டன் கோமறைக் கழகம் வரை சென்று, 1953இல் அங்கும் தோற்றது.

இதற்கிடையிற் கொழும்பிலே ஒரு வாரிசுப் போட்டி நடந்து முடிந்தது. 1952 மார்ச் மாதம் டி. எஸ். சேனநாயக்க குதிரையிலிருந்து விழுந்து மறைந்தார். அடுத்த இடம் தமக்கே என்று சேர் ஜோன் எண்ணியிருந்தார். தேசாதிபதி சோல்பரி பிரபு, முன்னாளில் பிரித்தானியக் கன்சர்வேட்டிவ் கட்சி அரசியல்வாதியாக இருந்தவர், மறைந்த பிரதமரின் மைந்தர் டட்லியை அழைத்தார். ஏமாற்றத்தைச் சேர் ஜோன் அடக்கிக் கொள்ளவில்லை. அவருடைய மனக்கசப்பு ஒரு துண்டுப் பிரசுரமாகவே கைமாறி உலவியது. அரிசி விலை உயர்வை எதிர்த்து 1953 ஆகஸ்ட் 12ஆம் நாள் நடந்த ஹர்த்தாலும் அதில் உயிர்கள் பலியானமையும் டட்லியின் உள்ளத்தை உடைத்தன. அவர் விலகினார். அக்டோபர் 12ஆந் தேதி சேர் ஜோன் கொத்தலாவல பிரதமராகவும் பாதுகாப்பு வெளிவிவகார அமைச்சராகவும் பதவியேற்றார். ஜி. ஜி. பொன்னம்பலத்துக்குப் புதிய அமைச்சரவையில் இடம் கிடைக்கவில்லை.

மூன்று மாதங்களிலேயே அவர் டில்லிக்குச் சென்றார். 1954 ஜனவரி 18ஆம் நாள் நேரு கொத்தலாவல ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அதன் சாரம் இது: கள்ளக் குடியேற்றத்தை இரு நாடுகளும் சேர்ந்து தடுத்தல். வாக்காளர் இடாப்பில் இல்லாத வயது வந்தோர் அனைவருக்கும் இலங்கை ஒரு பதிவேடு தயாரித்தல். தேங்கிக் கிடக்கும் பிரஜாவுரிமை விண்ணப்பங்களை இரண்டு ஆண்டுகளில் முடிக்க முயலுதல். பதிவு பெறாதோர் விரும்பினால் இந்தியப் பிரஜைகளாகப் பதிந்து கொள்ள ஊக்கமளித்தல். புதிதாகப் பிரஜாவுரிமை பெறுவோரைப் பத்து ஆண்டுகளுக்குத் தனி வாக்காளர் இடாப்பில் வைத்தல்.

இந்த இறுதி அம்சத்தைக் கவனிக்க வேண்டும். பிரஜை ஆனபின்னும் மற்றப் பிரஜைகளோடு ஒரே இடாப்பில் நிற்க முடியாது. மொழி தெரியாதவர்கள், நாட்டோடு கலந்து பழகச் சிறிது காலம் வேண்டும் என்பது சொல்லப்பட்ட காரணம். தோட்டப் பகுதிகளிற் சிங்கள கிராமத்தவரின் வாக்கு அமிழ்ந்து போகும் என்ற கண்டியரின் அச்சம் உள்ளே இருந்த காரணம். அந்த அச்சம் முற்றிலும் கற்பனை என்று ஒதுக்குதல் நியாயமாகாது. கோப்பித் துரைமார் காட்டையும் சேனை நிலத்தையும் வளைத்த காலம் முதல், மலையடிவாரக் கிராமத்தவன் தன் நிலம் சுருங்குவதைக் கண்டுகொண்டே இருந்தவன். ஆனால் அந்நிலத்தை எடுத்தவன் லயத்தில் வாழவில்லை, பங்களாவில் வாழ்ந்தான். அவனை எந்தப் பதிவேடும் தேடவில்லை.

தனி இடாப்புக்கென 1954இலேயே சட்டங்கள் நிறைவேறின. அவை நடைமுறைக்கு வராமலே போயின. அவ்வாண்டு அக்டோபரில் டில்லியில் மீண்டும் பேச்சு நடந்தது. அங்கே வெளிப்பட்ட கருத்து வேறுபாடே இந்த முழுக் கதையின் முடிச்சு. இலங்கைப் பிரஜை ஆகாதவர் இந்தியரே என்றது இலங்கை. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவரும் இந்தியாவிற் பதிந்து கொண்டவருமே இந்தியர், ஏனையோர் நாடற்றவர் என்றது இந்தியா. இருவரும் தத்தம் நிலையைக் குறித்து வைத்துக் கொண்டு எழுந்தனர். 1953ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி இலங்கையிலிருந்த இந்தியத் தமிழர் ஏறத்தாழ 9 இலட்சத்து 74 ஆயிரம் பேர். இரண்டு அரசுகளின் வாக்கியங்களுக்கு இடையில் அவர்களுள் மிகப் பெரும்பாலோர் நின்றனர். காலையிற் கொம்பு ஊதியதும் எழுந்து மலையேறினர். அந்த ஆண்டுகளிலே தேயிலை விலை உலகச் சந்தையில் உயர்ந்து, திறைசேரிக்குப் பெரும் வருவாய் சேர்ந்தது.

நேருவுக்கும் சேர் ஜோனுக்கும் இடையே உறவு பின்னர் மேலும் கசந்தது. 1954 ஏப்ரலில் நான்கு ஆசியப் பிரதமர்களைக் கொழும்புக்கு அழைத்த பெருமை சேர் ஜோனுக்கு உரியது. அங்கே முளைத்த யோசனையே அடுத்த ஆண்டு பண்டுங் மாநாடாக மலர்ந்தது. அம்மாநாட்டில் அவர் எழுந்து, மேற்கு நாடுகளின் குடியேற்றவாதத்தைக் கண்டிக்கும் நாம் கிழக்கு ஐரோப்பாவிற் சோவியத்தின் ஆதிக்கத்தையும் கண்டிக்க வேண்டாமா என்று கேட்டார். மண்டபம் அதிர்ந்தது. பேச்சை முன்கூட்டித் தமக்குக் காட்டியிருக்கலாமே என்று நேரு வினவ, உங்கள் பேச்சை எனக்குக் காட்டுகிறீர்களா என்ற பொருள்பட இவர் திருப்பிக் கேட்டார் என்பர். துணிவை மெச்சலாம். ஆனால் மலைநாட்டு மக்களின் வழக்கு அந்த இரு மனிதரின் மேசையிலேயே கிடந்தது என்பதையும் மறத்தலாகாது.

யாழ்ப்பாணத்திலும் அவர் ஒரு சொல் சொன்னார். 1954இல் கொக்குவிலில் அளிக்கப்பட்ட வரவேற்பில், சிங்களத்துக்கும் தமிழுக்கும் சம அந்தஸ்து அளிக்க யாப்பைத் திருத்துவதாக வாக்களித்தார். தெற்கே எழுந்த புயலில் அந்த வாக்கு நிலைக்கவில்லை. 1956 பெப்ரவரியில் களனியில் கூடிய அவருடைய கட்சியே சிங்களம் மட்டும் என்று தீர்மானித்தது. அத்தீர்மானமும் கட்சியைக் காக்கவில்லை. ஏப்ரல் தேர்தலில் பண்டாரநாயக்க வென்றார். ஐக்கிய தேசியக் கட்சிக்குக் கிடைத்தவை எட்டு ஆசனங்கள். தம் தொடங்கஸ்லந்தைத் தொகுதியைச் சேர் ஜோன் காத்துக் கொண்டார் என்பதே ஆறுதல். அத்தேர்தலில் அவரை வீழ்த்தவோ தாங்கவோ தோட்டத் தொழிலாளரில் மிகப் பெரும்பாலோருக்கு வாக்கே இல்லை.

தோல்விக்குப் பின் அவர் இங்கிலாந்தின் கெண்ட் மாகாணத்தில், பிடென்டன் என்ற சிற்றூரில் பண்ணையொன்றை வாங்கிப் பல காலம் வாழ்ந்தார். பொதுநலவாய நாட்டுப் பிரஜைகள் 1962ஆம் ஆண்டுச் சட்டம் வரை பிரித்தானியாவுக்குத் தடையின்றிச் சென்று குடியிருக்கலாம். இத்தனை ஆண்டு இடைவிடாது வாழ்ந்தாயா, உன் தந்தை எங்கே பிறந்தார் என்று அங்கே அவரை எவரும் கேட்கவில்லை. விருந்தோம்பலில் வள்ளல் என்று அவரை அறிந்தோர் யாவரும் கூறுவர். ஏழை பணக்காரர் பாராது பேசிச் சிரிக்கும் மனிதர் என்பர். அத்தகைய மனிதரின் அமைச்சிலிருந்தே தள்ளுபடி அறிவித்தல்கள் லயங்களுக்குச் சென்றன.

இரண்டு ஆண்டுகளில் முடியும் என்று 1954இல் எழுதப்பட்ட வேலை பத்து ஆண்டுகளாயிற்று. விண்ணப்பத்தில் அடங்கிய 8 இலட்சத்தில், பதிவு பெற்றோர் சுமார் 1,34,000 பேரே. 1964 அக்டோபர் 30ஆம் நாள் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் எஞ்சியோரைக் கணக்கிட்டது: 9,75,000 பேர். அவர்களுள் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. விடப்பட்ட 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரி பாதியாகப் பகிர்ந்து கொண்டன. நேருவும் கொத்தலாவலவும் பேசியபோது விரும்பினால் என்ற ஒரு சொல் இருந்தது. பத்து ஆண்டுகளுக்குப் பின் தொகை முதலில் வந்தது; விருப்பம் பின்னால் வந்தது. அட்டன் புகையிரத நிலையத்திலும் நானுஓயாவிலும், தலைமன்னாருக்குப் புறப்படும் வண்டியின் சன்னல்களைப் பற்றிக் கொண்டு அழுத மக்களைக் கண்டோர் அதற்கு ஒப்பாரிக் கோச்சி என்று பெயரிட்டனர். அண்ணன் ஒரு நாட்டுக்கும் தங்கை மறு நாட்டுக்கும் எழுதப்பட்ட குடும்பங்கள் பல.

சேர் ஜோன் 1980 அக்டோபர் 2ஆம் நாள் காலமானார். இரத்மலானையிலுள்ள அவருடைய கந்தவளைத் தோட்டத்தில் முப்படைகளின் அதிகாரிகளைப் பயிற்றும் கல்விக்கூடம் அவர் பெயரால் எழுந்து, பின்னர் பல்கலைக்கழகமாயிற்று. அவர் காலத்திற் கட்டிய நோர்ட்டன் அணைக்கு மேலே காசல்ரீ நீர்த்தேக்கமும், மஸ்கெலியா ஓயாவில் மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கமும் 1960களில் அமைந்தன. பழைய மஸ்கெலியா நகரம் அந்நீரின் அடியிற் போயிற்று. கோடையில் நீர் வற்றும்போது பழைய கட்டடங்கள் சில தலை காட்டுகின்றன.

காகிதக் கதை அதற்குப் பின்னும் நீண்டது. தொண்டமான் 1978இல் அமைச்சரவையிற் புகுந்து, 1986இலும் 1988இலும் வந்த சட்டங்களால் நாடற்றோரிற் பெரும்பாலோருக்குப் பிரஜாவுரிமை பெற்றுத் தந்தார். அதிலும் விடுபட்டோர் இருந்தனர். இந்தியாவுக்கென எழுதப்பட்டும் கப்பற் சேவை நின்றதால் போகாது தங்கியோர் இருந்தனர். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 அக்டோபர் 30 முதல் இந்நாட்டில் வாழ்ந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் உரிமை வழங்கியது. அவ்வாண்டில் தோட்டங்களுக்கு நடமாடும் அலுவலர் குழுக்கள் சென்றன. நேருவும் கொத்தலாவலவும் கையெழுத்திட்ட நாளில் தொட்டிலிற் கிடந்த குழந்தைக்கு அப்போது வயது 49.